சின்ன கம்பெனிக்கு டேட்டாபேஸ் ஃபெயில்ஓவர்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

கேள்வி இதுதான். கோவையில் எட்டு பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனி, ஜவுளிக்கடைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் பில்லிங் மென்பொருள் தருகிறது. 130 கடைகள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், சுமார் 70 ஜிபி, எல்லாமே ஒரே விபிஎஸ் சர்வரில் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்). போன மாதம் அந்த சர்வர் படுத்துவிட்டது, ஐந்து மணி நேரம் எந்தக் கடையிலும் பில் போட முடியவில்லை. இப்போது ஒரு கன்சல்டன்ட் மூன்று பெரிய சர்வர்கள், முழு ஆட்டோமேட்டிக் கிளஸ்டர் (ஒன்று விழுந்தால் இன்னொன்று தானாகவே பொறுப்பேற்கும் சர்வர் கூட்டம்) என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், அது இப்போதைய மாதச் செலவைப்போல ஆறு மடங்கு. ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்றுக்கு மாறும் ஏற்பாட்டை, அதாவது ஃபெயில்ஓவரை, இதைவிடக் குறைந்த செலவில் உருப்படியாகச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். அந்த மூன்று பெரிய சர்வர் இப்போதைக்கு வேண்டாம். வேறு டேட்டா சென்டரில் ஒரு ஸ்டாண்ட்பை சர்வர் (இப்போது வேலை செய்யும் சர்வரான பிரைமரியின் டேட்டாவைத் தொடர்ந்து நகலெடுத்துத் தயாராக நிற்பது), மீட்டெடுத்துச் சரிபார்த்த பேக்கப், கையால் மாற்றிவிடத் தெரிந்த இரண்டு பேர், இவ்வளவு இருந்தாலே உங்கள் ஐந்து மணி நேரம் பதினைந்து நிமிடமாகிவிடும். ஆட்டோமேட்டிக் அதற்கு அப்புறம், அதையும் மலிவாகச் செய்ய வழி இருக்கிறது. பல வருடமாக உங்கள் அளவுள்ள கம்பெனிகளின் டேட்டாபேஸைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். பெரிய கம்பெனிகளின் ஏற்பாட்டை அப்படியே கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஒற்றை சர்வரில் இருந்ததைவிட அதிக நேரம் நின்றுபோன இடங்களை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எந்த மென்பொருள் என்று தேடும் முன்னால் இரண்டு விஷயத்துக்கு விடை வேண்டும். எவ்வளவு நேரம் நின்றால் கடைக்காரர்கள் தாங்குவார்கள்? எத்தனை நிமிட பில்கள் தொலைந்தால் தாங்குவார்கள்? இரண்டும் வேறு வேறு, செலவும் வேறு வேறு. ஹோஸ்டிங் கம்பெனிகள் 99.9 சதவீதம் என்று எழுதிக்கொடுப்பதை ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 8 மணி 45 நிமிடம் வரும், அதாவது உங்களுக்குப் போன மாதம் நடந்த ஐந்து மணி நேரம் வருடக் கணக்கில் அந்த வாக்குறுதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 99.99 என்றால் வருடத்துக்கு 52 நிமிடம்தான், அதற்கு ஆளும் பணமும் வேறு மாதிரி வேண்டும். உங்கள் கடைகளைக் கேட்டுப் பாருங்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் நின்றால் கைப்பில் போட்டுச் சமாளித்துவிடுவார்கள், தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மாலை பத்து நிமிடம் நின்றாலே உங்களுக்கு ஃபோன் ஓயாது. ஆனால் போட்ட பில் காணாமல் போனால் எந்த நாளிலும் யாரும் பொறுக்க மாட்டார்கள். இது மனதில் இருக்கட்டும், கீழே எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும்.

பேக்கப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ரெப்ளிகா (ஸ்டாண்ட்பை போன்ற நேரடி நகல்) இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் தவறுதலாக வாடிக்கையாளர் டேபிளை அழித்தால் அந்த அழிப்பு ஒரு நொடிக்குள் ஸ்டாண்ட்பையிலும் நடந்துவிடும், ஸ்டாண்ட்பை தன் வேலையைச் சரியாகச் செய்ததாகத்தான் அர்த்தம். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் கம்பெனியில் நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் எல்லாரும் ஒருமுறை படித்திருக்க வேண்டும். ரெப்ளிகா பின்தங்கிவிட்டது என்று இரவில் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், ரெப்ளிகாவின் டேட்டா ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து பிரைமரியில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால், டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, அதனால் பேக்கப் தினமும் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. தோல்வி என்று சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை, அவை வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) இருந்ததால் தப்பித்தார்கள். ஒளிக்காமல் அத்தனையையும் வெளியில் எழுதினார்கள், அதற்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

உங்களுக்கு: பிஜிபேக்ரெஸ்ட் அல்லது வால்-ஜி, இரண்டும் இலவச பேக்கப் மென்பொருள்கள். வாரம் ஒரு முழு பேக்கப், நடுவில் வால் கோப்புகள் (ஒவ்வொரு மாற்றத்தையும் டேட்டாபேஸ் முதலில் எழுதிவைக்கும் பதிவுகள், ஒவ்வொன்றும் 16 எம்பி) தொடர்ந்து வேறு ஒரு கம்பெனியின் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (இணையவழி வாடகைச் சேமிப்பிடம்) போய்க்கொண்டே இருக்கட்டும். ஆர்க்கைவ் டைம்அவுட்டை (கோப்பு நிரம்பாவிட்டாலும் அனுப்பிவிடும் கால வரம்பு) 60 நொடி வைத்தால், சர்வர் அப்படியே எரிந்துபோனாலும் ஓரிரு நிமிட டேட்டாதான் போகும். ஸ்டோரேஜ் செலவு ஜிபிக்கு மாதம் இரண்டு மூன்று ரூபாய் கணக்கில் வரும், உங்கள் அளவுக்கு எல்லாப் பிரதிகளும் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. அப்புறம் மாதம் ஒருநாள் அந்த பேக்கப்பை ஒரு தற்காலிக சர்வரில் இறக்கி, ஏதாவது ஒரு கடையின் நேற்றைய மொத்த விற்பனையைக் கூட்டிப் பார்த்து, உண்மையான டேட்டாபேஸில் வரும் தொகையோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்துவையுங்கள். 70 ஜிபிக்கு 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பிரதியெடுக்க மட்டுமே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்டாண்ட்பை ஏன் வேண்டும் என்பதற்கு அந்த ஒன்றரை மணி நேரமே காரணம்.

இனி ஸ்டாண்ட்பை. போஸ்ட்கிரெஸில் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் (மாற்றங்களை உடனுக்குடன் ஸ்டாண்ட்பைக்கு அனுப்புவது) 2010ல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது, இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பிரைமரிக்குச் சமமான இன்னொரு விபிஎஸ், அதுதான் செலவு, அதாவது சர்வர் வாடகை இரட்டிப்பாகும். சின்ன சர்வரை ஸ்டாண்ட்பையாக வைத்துக் காசு மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். தேவைப்படும் நாளில் முழுப் பாரமும் அதன்மேல்தான் விழும். அதோடு, ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்று சொல்லும் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் போன்ற சில அமைப்புகள் பிரைமரியைவிடக் குறைவாக இருந்தால் ஸ்டாண்ட்பை ஓடவே மறுக்கும்.

எங்கே வைப்பது? வேறு டேட்டா சென்டர், முடிந்தால் வேறு ஊர். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் மறு வருடம் டிசம்பர் 12ல் வந்த வர்தா புயலையும் சென்னையில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே அலுவலகத்தில், ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே ரேக்கில் இரண்டு சர்வர்களை வைத்துவிட்டு ஹெச்ஏ (நிற்காமல் ஓடும் ஏற்பாடு) இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் இடங்கள் இன்றும் நிறைய. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மாலைவரை வராவிட்டால் இரண்டும் சேர்ந்தே அணையும். உங்கள் பிரைமரி பெங்களூரில் இருந்தால் ஸ்டாண்ட்பை மும்பையில் இருக்கட்டும், அந்தத் தூரத்துக்கு ஆகும் தாமதம் அசிங்க்ரனஸ் ரெப்ளிகேஷனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அசிங்க்ரனஸ் என்றேன், அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அசிங்க்ரனஸ் என்றால் பிரைமரி தன் வட்டில் எழுதியதும் கடைக்குச் சரி என்று சொல்லிவிடும், ஸ்டாண்ட்பைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகும், பிரைமரி அந்த நொடியில் செத்தால் கடைசி சில பில்கள் ஸ்டாண்ட்பையில் இருக்காது. சிங்க்ரனஸ் என்றால் ஸ்டாண்ட்பையும் பெற்றுக்கொண்டேன் என்று சொன்ன பிறகுதான் கடைக்குச் சரி போகும், எதுவும் தொலையாது. அப்படியானால் சிங்க்ரனஸையே போட்டுவிடலாமே? ஒரே ஒரு ஸ்டாண்ட்பை வைத்துக்கொண்டு போட்டால், அந்த ஸ்டாண்ட்பை ரீபூட் ஆகும் ஐந்து நிமிடமும் பிரைமரியில் ஒவ்வொரு பில்லும் பதில் வராமல் தொங்கும். ஒரு சர்வர் செத்தால் வியாபாரம் நின்ற நிலை போய், இரண்டில் எது செத்தாலும் வியாபாரம் நிற்கும் நிலை வந்துவிடும். சிங்க்ரனஸ் வேண்டுமென்றால் இரண்டு ஸ்டாண்ட்பை வேண்டும், அதில் ஏதாவது ஒன்று சரி சொன்னால் போதும் என்று அமைக்க வேண்டும். உங்களுக்கு இப்போதைக்கு அசிங்க்ரனஸ் போதும். தொலையக்கூடிய அந்தச் சில நொடிகளை என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன், பில்லிங்கில் அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது.

ஸ்டாண்ட்பை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், இரண்டிலும் நல்ல நல்ல ஆட்கள் மாட்டியிருக்கிறார்கள்.

ஒன்று, ரெப்ளிகேஷன் ஸ்லாட். ஸ்டாண்ட்பை இன்னும் வாங்கிக்கொள்ளாத வால் கோப்புகளை அழித்துவிடாதே என்று பிரைமரிக்குச் சொல்லும் ஏற்பாடு இது. நல்லதுதான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில், வெள்ளிக்கிழமை மாலை ஸ்டாண்ட்பையை ஏதோ வேலைக்காக நிறுத்தினோம், திரும்பத் தொடங்கவில்லை, அது என் கவனக்குறைவுதான். பிரைமரி விசுவாசமாகக் கோப்புகளைச் சேர்த்துவைத்துக்கொண்டே போனது. ஞாயிறு காலை 11 மணிக்கு டிஸ்க் நூறு சதவீதம், பிரைமரி நின்றுவிட்டது. காப்பாற்ற வைத்த ஸ்டாண்ட்பையே பிரைமரியை விழவைத்தது. 2020ல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து ஸ்லாட்டுக்காக அதிகபட்சம் இத்தனை ஜிபிதான் வைத்திருப்பேன் என்று மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸில் சொல்லிவிடலாம். அதைப் போடுங்கள், உங்கள் டிஸ்க்கில் மிச்சமிருக்கும் இடத்தில் பாதி போதும். அதைத் தாண்டினால் ஸ்டாண்ட்பையைப் புதிதாகக் கட்ட வேண்டிவரும், பரவாயில்லை, பிரைமரி உயிரோடு இருக்கும்.

இரண்டாவது, இரண்டு சர்வரிலும் ஒரே ஆப்பரேட்டிங் சிஸ்டம் பதிப்பு. போஸ்ட்கிரெஸ் பதிப்பு ஒன்றாக இருந்தால் போதாதா என்றால், போதாது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை போஸ்ட்கிரெஸ் பொதுவாக லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, 2018ல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. பிரைமரி உபுண்டு 18.04, ஸ்டாண்ட்பை புதிதாக வாங்கியது என்பதால் 22.04 என்று வைத்தால், ரெப்ளிகேஷன் அழகாக ஓடும், ஒரு எச்சரிக்கையும் கண்ணில் படாது. மாற்றிவிட்ட அன்றைக்குத்தான் கடைக்காரர் தன் வாடிக்கையாளர் பெயரைத் தேடினால் கிடைக்காது, இருக்கும் பெயரையே இன்னொரு முறை சேர்க்கவும் டேட்டாபேஸ் அனுமதிக்கும், ஏனென்றால் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட வைத்திருக்கும் பட்டியல்) ஒரு வரிசையில் அடுக்கியிருக்கிறது, சர்வர் வேறு வரிசையில் தேடுகிறது. பழைய சர்வரோடு புது சர்வரைச் சேர்க்கும் சின்ன கம்பெனிகளுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது.

(டேபிள் வரிகளின் மாற்றங்களை மட்டும் அனுப்பும் லாஜிகல் ரெப்ளிகேஷன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஃபெயில்ஓவருக்கு அது வேண்டாம். டேபிள் அமைப்பை மாற்றினால் அந்த மாற்றம் அடுத்த பக்கம் போகாது, நான் கையாண்ட பதிப்புகளில் டேட்டாபேஸ் தானே தரும் தொடர் எண்களான சீக்வென்ஸும் போகவில்லை. பதிப்பு மாற்றுவதற்கு அருமையான கருவி, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.)

இப்போது முக்கியமான இடம், கையால் மாற்றுவது. ஸ்டாண்ட்பையைப் பிரைமரியாக்க ஒரே ஒரு கட்டளைதான், ப்ரமோட், சில நொடிகளில் முடிந்துவிடும். கஷ்டமெல்லாம் அதற்கு முன்னால். பழைய பிரைமரி உண்மையிலேயே செத்துவிட்டதா, அல்லது உங்களுக்கு மட்டும் தெரியவில்லையா? உங்கள் அலுவலக இணையம் அறுந்திருக்கலாம், அந்த டேட்டா சென்டருக்குப் போகும் ஒரு பாதை மட்டும் அறுந்திருக்கலாம், ஆனால் பாதிக் கடைகள் இன்னும் அங்கேயே பில் போட்டுக்கொண்டிருக்கலாம். இந்த நிலையில் ஸ்டாண்ட்பையைப் பிரைமரியாக்கினால் இரண்டு பிரைமரி. ஒரே கடையில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் தனித்தனிப் பேரேட்டில் எழுதுவதுபோல. ஈரோட்டுக் கடைக்கு ஒரு பக்கம் 4512 என்ற பில், அதே 4512 இன்னொரு பக்கம் வேறு வாடிக்கையாளருக்கு. இந்தத் துறையில் ஸ்பிளிட் பிரெய்ன் என்பார்கள். அதைச் சேர்த்து ஒட்ட எந்த மென்பொருளும் கிடையாது, உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாகப் பார்க்க வேண்டியதுதான்.

எவ்வளவு பெரிய இடத்திலும் இது நடக்கும். 2018 அக்டோபர் 21ல், கிட்லேப்பைப் போன்ற சேவையான கிட்ஹப்பில் ஒரு நெட்வொர்க் உபகரணத்தை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் 43 நொடி இணைப்பு போனது. 43 நொடிதான். அதற்குள் ஆட்டோமேட்டிக் ஃபெயில்ஓவர் மேற்குக் கரை சர்வர்களை பிரைமரியாக்கிவிட்டது, கிழக்கில் சில நொடி எழுத்துகள் மேற்குக்குப் போய்ச் சேராமல் நின்றன, மேற்கில் புதிய எழுத்துகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு பக்கத்தையும் ஒத்துப்போகவைத்து முழுமையாக மீள 24 மணி 11 நிமிடம் ஆனது. தாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லை நன்றாகக் கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள். எட்டு பேர் கம்பெனிக்கு முதல் நாளே ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் ஒரு தாள் எழுதுங்கள். நிஜமான தாள், கம்ப்யூட்டரில் மட்டும் வைத்தால் அந்த நாளில் திறக்காது. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு கம்பெனியில் அது சுவரில், ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது. முதல் வரி: வேறு இணைப்பில், ஃபோன் டேட்டாவில், பிரைமரி தெரிகிறதா பார். இரண்டாவது: ஹோஸ்டிங் கம்பெனியின் கண்ட்ரோல் பேனலுக்குப் போய் பழைய சர்வரின் பவரை நிறுத்து, நின்றுவிட்டது என்று காட்டும்வரை அடுத்த வரிக்குப் போகாதே. பவரை நிறுத்த முடியாவிட்டால் ஃபயர்வாலில் டேட்டாபேஸ் போர்ட்டை மூடு, அதுவும் முடியாவிட்டால் இந்த எண்ணுக்கு ஃபோன் செய். மூன்றாவது: ஸ்டாண்ட்பை கடைசியாக எந்த நேரம்வரை வாங்கியிருக்கிறது என்று பார்த்துத் தாளில் எழுது. அப்புறம்தான் ப்ரமோட். பின்னர் அப்ளிகேஷனைத் திருப்பு, ஒரு சோதனைக் கடையில் ஒரு பில் போட்டுப் பார், கடைகளுக்குச் செய்தி அனுப்பு. இரண்டாவது வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்கள். கண்ட்ரோல் பேனல் பாஸ்வேர்டும் ஓடிபி வரும் ஃபோனும் முதலாளியிடம் மட்டும் இருந்து, அவர் விமானத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரவு 11 மணிக்கு மேல், அந்தத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே மாற்றிப் பாருங்கள். செய்பவர் தாளை எழுதாத ஆளாக இருக்கட்டும். முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆகும், எங்கேயோ ஒரு பழைய ஐபி முகவரி புரோகிராமுக்குள் நேரடியாக எழுதியிருக்கும், நேரம் வைத்துத் தானாக ரிப்போர்ட் அனுப்பும் கிரான் வேலை இன்னும் பழைய சர்வரைத் தேடும். மூன்றாவது தடவை பத்து நிமிடத்தில் முடியும்.

தொலையும் அந்தச் சில நொடிகளுக்கு வருகிறேன். அசிங்க்ரனஸில் பிரைமரி செத்தபோது, 4510 முதல் 4512 வரை கடையில் அச்சடித்து வாடிக்கையாளர் கையில் கொடுத்தாகிவிட்டது, ஆனால் ஸ்டாண்ட்பையில் 4509தான் கடைசி என்று வைத்துக்கொள்வோம். மாற்றியதும் அடுத்த பில் மறுபடி 4510. ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டில் பில் எண் திரும்ப வரக்கூடாது. ஆனால் அதே விதி ஒன்றுக்கு மேற்பட்ட சீரிஸ் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது, எண் 16 எழுத்துக்குள் இருந்தால் போதும். எனவே ஃபெயில்ஓவர் செய்யும்போதே பில் எண்ணின் முன்னெழுத்தை மாற்றிவிடுங்கள், 'ஏ' சீரிஸ் போய்க்கொண்டிருந்தால் இனி 'பி'. எந்த எண்ணும் மோதாது. தொலைந்த மூன்று பில்களைக் கடையில் இருக்கும் பிரதியைப் பார்த்து, அதே 'ஏ' எண்ணிலேயே பிறகு நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம். இதை உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இன்னொன்று, பில் எண்ணுக்கு போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மாற்றுங்கள். சீக்வென்ஸ் 32 எண்களை முன்கூட்டியே பதிவில் எழுதிவிடும், அதனால் ஃபெயில்ஓவருக்குப் பிறகு எண் 30 சொச்சம் தாவி நிற்கும், ஏன் இடையில் இத்தனை பில் இல்லை என்று கடைக்காரர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு டேபிளில் கடைக்கு ஒரு வரி வைத்து, பில் போடும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் எண்ணைக் கூட்டுவது மேல்.

அப்ளிகேஷன் புது பிரைமரியை எப்படிக் கண்டுபிடிக்கும்? மிக எளிய வழி, எந்த சர்வரோடு இணைவது என்று அப்ளிகேஷனுக்குச் சொல்லும் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் இரண்டு சர்வர் பெயரையும் கொடுத்து, எழுத அனுமதிக்கும் சர்வர் மட்டும் வேண்டும் என்று சொல்வது. போஸ்ட்கிரெஸின் சொந்த லைப்ரரி 2017ல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து இதைச் செய்கிறது, பிஹெச்பி, பைதான் இரண்டிலும் அதே லைப்ரரிதான் அடியில் இருக்கிறது. ஜாவா டிரைவரிலும் இதற்கு இணையான வசதி உண்டு. அல்லது நடுவில் பிஜிபவுன்சர் என்ற இணைப்பு இடைத்தரகரை வைத்து அதில் மட்டும் முகவரியை மாற்றலாம். மிதக்கும் ஐபி (சர்வரிலிருந்து சர்வருக்கு நகரும் முகவரி) வைத்து, அதை நகர்த்தும் கீப்அலைவ்டி போடலாம் என்று நிறைய இடத்தில் எழுதியிருப்பார்கள், சொந்த ரேக்கில் அது சரி, ஆனால் பெரும்பாலான விபிஎஸ் நெட்வொர்க்குகளில் அது அப்படியே வேலை செய்யாது, அந்தந்த ஹோஸ்டிங் கம்பெனி தரும் ஐபி மாற்றும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும், அதுவும் ஒரே டேட்டா சென்டருக்குள்தான் பெரும்பாலும் நகரும்.

இவ்வளவும் ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு, இரவு இரண்டு மணிக்கு எழுந்து மாற்ற ஆளில்லை என்று தோன்றினால், அப்போது ஆட்டோமேட்டிக் போடுங்கள். அதற்கு மூன்று இடம் வேண்டும், மூன்று பெரிய சர்வர் வேண்டாம். இரண்டு சர்வர் மட்டும் இருக்கும்போது நடுவில் கம்பி அறுந்தால், எதிரில் இருப்பவர் செத்தாரா, கம்பிதான் அறுந்ததா என்று இரண்டு பேராலும் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு சாட்சி இருந்தால், சாட்சியோடு பேச முடிகிறவர் பிரைமரி, முடியாதவர் தானே விலகிக்கொள்வார். அந்தச் சாட்சிக்கு டேட்டா எதுவும் வேண்டாம், 2 ஜிபி மெமரி உள்ள, மாதம் ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் விபிஎஸ் போதும். கன்சல்டன்ட் கொட்டேஷனில் மூன்றும் பெரிதாக இருப்பதுதான் ஆறு மடங்கு வரக் காரணம் என்று நினைக்கிறேன்.

மென்பொருள் என்றால் ஜலாண்டோ கம்பெனி எழுதி இலவசமாக வெளியிட்ட பட்ரோனி. அது எட்சிடி என்ற சின்ன சேமிப்பை மூன்று இடத்திலும் ஓட்டி, தலைமை யாரிடம் என்பதை அதில் ஒரு சீட்டாக வைத்திருக்கும். சீட்டுக்கு 30 நொடி ஆயுள், பிரைமரி பத்து நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும், புதுப்பிக்க முடியாவிட்டால் தானே எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். மேலே சொன்ன சிவப்புக் கோடு வேலையை அது தானாகச் செய்வதால்தான் அதை நம்புகிறேன். 1 எம்பிக்கு மேல் பின்தங்கிய ஸ்டாண்ட்பையை இயல்பாகவே பிரைமரியாக்காது. வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் மாறிவிடும். ஆனால் எட்சிடிக்கு டிஸ்க் வேகம் முக்கியம், மந்தமான டிஸ்க்கில் போட்டால் காரணமில்லாமல் தலைமை மாறிக்கொண்டே இருக்கும். எட்சிடி மூன்றில் இரண்டு விழுந்தால், டேட்டாபேஸ் நன்றாக இருந்தும் பிரைமரி எழுத மறுக்கும், 2023ல் வந்த பட்ரோனி 3.0ல் இதற்காகவே ஒரு ஃபெயில்சேஃப் அமைப்பு வந்தது, அதை இயக்கிவையுங்கள். மூன்றும் வேறு வேறு டேட்டா சென்டர்களில் இருப்பது நல்லது. பட்ரோனி பாரமாகத் தெரிந்தால் பிஜி ஆட்டோ ஃபெயில்ஓவர் இன்னும் எளிது, ஒரு மானிட்டர் சர்வர், இரண்டு டேட்டா சர்வர், அவ்வளவுதான்.

மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கும் கதை இதேதான். ஒரு ரெப்ளிகா, கையால் மாற்றுவது, அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னோடிபி கிளஸ்டர் அல்லது மரியாடிபியில் கலேரா (இரண்டும் ஆட்டோமேட்டிக் கிளஸ்டர்கள்), இரண்டுக்கும் குறைந்தது மூன்று ஓட்டு. கலேராவில் மூன்றாவது ஓட்டுக்கு டேட்டா இல்லாத ஆர்பிட்ரேட்டர் வைத்துக்கொள்ளலாம். கலேராவில் எல்லா சர்வரிலும் எழுத முடியும் என்பதற்காக எல்லாவற்றிலும் எழுத வேண்டாம், ஒன்றில் மட்டும் எழுதுங்கள், இல்லையென்றால் ஒரே வரியை இரண்டு பக்கம் மாற்றும்போது டிரான்சாக்‌ஷன்கள் தோல்வியடைந்து திரும்பிவரும். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் செலவு லைசென்ஸில் இருக்கிறது. 2016 பதிப்பிலிருந்து ஸ்டாண்டர்டு எடிஷனிலேயே பேசிக் அவெய்லபிலிட்டி குரூப் (ஸ்டாண்ட்பை வைக்கும் வசதி) உண்டு, ஒரு குரூப்புக்கு ஒரு டேட்டாபேஸ், இரண்டு சர்வர், இரண்டாவதில் படிக்க முடியாது, சின்ன கம்பெனிக்குப் போதுமானது. இலவச எக்ஸ்பிரஸில் ஓடுபவர்களுக்கு லாக் பேக்கப்பை இன்னொரு சர்வரில் தானாக ஏற்றும் லாக் ஷிப்பிங் வசதி கிடையாது, நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் ஏஜென்ட்டும் கிடையாது, ஆனால் ஃபுல் ரெகவரி வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப் எடுத்து இன்னொரு மெஷினில் ஏற்றும் ஒரு ஸ்கிரிப்டை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டாலே ஐந்து நிமிட நஷ்டத்துக்குள் நிற்கலாம்.

அமேசான் ஆர்டிஎஸ் மல்டி ஏஇசட் போன்ற, டேட்டாபேஸை அவர்களே பார்த்துக்கொள்ளும் நிர்வகிக்கப்பட்ட சேவைகள்? உங்களில் ஒருவருக்கும் லினக்ஸில் கை பழகவில்லை என்றால் அதற்கே போய்விடுங்கள், இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். ஒரு நிமிடம் முதல் இரண்டு நிமிடத்தில் தானாக மாறிக்கொள்ளும். ஒற்றை இன்ஸ்டன்ஸைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை, அந்த இரண்டாவது இன்ஸ்டன்ஸில் படிக்கக்கூட முடியாது. விபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் விலை அதிகமாகத்தான் தெரியும், ஆனால் ஒரு டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அங்கேயும் பேக்கப்பின் ஒரு பிரதி வேறு கணக்கில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, திரும்பி வருவது. மாற்றியாகிவிட்டது, இரண்டு நாள் கழித்து பழைய சர்வர் உயிரோடு வருகிறது. அதை அப்படியே இயக்கிவிடாதீர்கள், அது இன்னும் தன்னைப் பிரைமரி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். முதலில் அதன் டேட்டா ஃபோல்டரை ஒரு பிரதி எடுங்கள், ஸ்டாண்ட்பைக்குப் போய்ச்சேராத அந்த மூன்று பில்களும் அதில்தான் இருக்கின்றன. பிறகு பிஜி ரீவைண்ட் (மாறுபட்ட பகுதிகளை மட்டும் சரிசெய்யும் கருவி) கொண்டு அதைப் புதிய பிரைமரிக்கு ஸ்டாண்ட்பையாக மாற்றலாம், 70 ஜிபியையும் மறுபடி நகலெடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது வேலை செய்ய டேட்டா செக்சம் அல்லது வால் லாக் ஹின்ட்ஸ் என்ற போஸ்ட்கிரெஸ் அமைப்பு முன்பே இயங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும், விழுந்த பிறகு போட்டால் பயனில்லை. இன்றிரவே உங்கள் சர்வரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வால் லாக் ஹின்ட்ஸை இயக்கி ஒரு ரீஸ்டார்ட், கடைகள் மூடிய பிறகு செய்தால் யாருக்கும் தெரியாது. உங்கள் போஸ்ட்கிரெஸ் பதிப்பும், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வால் கோப்புகள் உருவாகின்றன என்பதும் சொன்னால், ஸ்லாட்டுக்கு எத்தனை ஜிபி வைப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.